பூம்பாறையில் பூசணம் பிடித்த பருப்புப் பொடி: ஒரு நிகழ்வு ஆய்வு

சென்ற ஐப்பசியில், பழனி மலைத்தொடரின் மேல்மட்டத்தில் இருக்கும் பூம்பாறையில், எங்கள் வீட்டில் அரைத்து வைத்த பருப்புப் பொடி பதினோராம் நாள் கெட்டுப்போனது. எவர்சில்வர் டப்பாவைத் திறந்தபோது மூடியின் உட்புறம் நீர் முத்துக் கோத்திருந்தது. மேல் பொடி அடையாக இறுகி, ஓரத்தில் இரண்டு இடங்களில் வெளிறிய பச்சை நிறத்தில் பூசணம் பூத்திருந்தது. இதே அளவில், இதே பக்குவத்தில் என் அம்மா திண்டுக்கல்லில் அரைக்கும் பொடி இரண்டு மாதம் உதிரியாக இருக்கும். கல்யாணமாகி மலைக்கு வந்த பிறகு மழைக்காலத்தில் நான் அரைத்த பொடி ஒரு முறைகூட மூன்று வாரத்தைத் தாண்டியதில்லை என்றாலும், பூசணம் கண்டது இதுவே முதல் முறை. ஆகவே காரணத்தை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பதென்று முடிவு செய்தேன். ஐப்பசியிலிருந்து தை வரை செய்து பார்த்தவற்றையும், அவற்றில் கண்டதையும், இப்போது எங்கள் வீட்டில் நடக்கும் முறையையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கெட்ட பொடியைப் பற்றி. நான் அதைக் கொட்டப் போனபோது அத்தை டப்பாவைக் கையில் வாங்கிக்கொண்டு, “கொட்டாத தாயி, மேலாப்புல எடுத்துப் போட்டுட்டு ரெண்டு வெயில் காமிச்சு வறுத்துக்கிட்டா சரியாப் போயிரும்” என்றார். துவரம்பருப்பு விற்கும் விலையில் அவர் அப்படிச் சொன்னது நியாயம்தான். ஆனாலும், “வேண்டாம் அத்தை, மேல தெரியுறது கொஞ்சம்தான், உள்ள முழுக்கப் பரவியிருக்கும்” என்று சொல்லி, முழுவதையும் தோட்டத்தில் குழி வெட்டிப் புதைத்தேன். பருப்பு, கடலை, மிளகாய் ஆகியவற்றில் வளரும் சில பூசணங்கள் அஃப்ளாடாக்சின் போன்ற நஞ்சுகளைச் சுரக்கின்றன. அடுப்பில் வறுக்கும் சூட்டில் பூசணம் செத்துப்போகும். அது சுரந்து வைத்த நஞ்சு முழுவதும் அழியாது. எந்தப் பூசணம் நஞ்சுள்ளது என்பதை நிறத்தை வைத்துச் சொல்லவும் முடியாது. ஆகவே பூசணம் கண்ட பொடியை மறுபடி வறுத்து உண்பதும், வீணாகிறதே என்று மாட்டுக்கோ கோழிக்கோ வைப்பதும் கூடாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அன்று அரைத்த விதம்

துவரம்பருப்பு 200 கிராம், பொட்டுக்கடலை 100 கிராம், கடலைப்பருப்பு 50 கிராம், குண்டு மிளகாய் பன்னிரண்டு, மிளகு இரண்டு தேக்கரண்டி, சீரகம் இரண்டு தேக்கரண்டி, சுண்டைக்காய் அளவு கட்டிப் பெருங்காயம், இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை, கல் உப்பு 18 கிராம், உரித்த மலைப்பூண்டு 40 கிராம். பூண்டைத் தவிர மற்ற யாவும் அம்மாவின் அளவு. பூண்டு எங்கள் ஊர் வழக்கம். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற கொடைக்கானல் மலைப்பூண்டு விளையும் ஊர்களில் பூம்பாறையும் ஒன்று. பூண்டைத் தாளோடு கட்டித் தொங்கவிட்டு, அடியில் புகை போட்டுப் பாதுகாக்கும் வீடுகள் இங்கே உண்டு. அந்தப் பூண்டை விட்டுவிட்டு இந்த ஊரில் பொடி அரைப்பவரைக் காண்பது அரிது.

பருப்புகளை இரும்பு வாணலியில் தனித்தனியாக, சிறு தீயில், வாசனை வந்து பொன்னிறமாகும் வரை வறுத்தேன். மிளகாய், மிளகு, சீரகம், கறிவேப்பிலை ஆகியவற்றை அதே சூட்டில் பிரட்டி எடுத்தேன். பெருங்காயத்தையும் பூண்டையும் அரைத் தேக்கரண்டி நல்லெண்ணெயில் பொரித்தேன். பொட்டுக்கடலையை வறுக்கவில்லை. பிறகு, “காத்தாட விரிச்சு, நல்லா ஆறப் போட்டு அரை” என்று அம்மா எப்போதும் சொல்வதுபோல, எல்லாவற்றையும் செய்தித்தாளில் பரப்பி இரண்டு மணி நேரம் விட்டேன். அன்று காலையிலிருந்தே மூடுபனி. அடுக்களைச் சன்னல் திறந்திருந்தது. மழைக்காலத்தில் மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்பதால், விளக்கு ஒருமுறை மினுக்கியதும் அவசரமாக மிக்சியில் போட்டு ஒரே ஓட்டமாக அரைத்து, அரைத்த கையோடு டப்பாவில் கொட்டி மூடினேன். ஆறப் போட்டதிலிருந்து மூடியதுவரை சொன்ன இந்த வரிகளுக்குள்தான் விடை இருந்தது என்பது பின்னர் தெரிந்தது. அன்று என் சந்தேகம் வேறு பக்கம் சென்றது.

சந்தேகங்களும் அவற்றின் முடிவும்

பக்கத்து வீட்டு அம்மாச்சி சொன்ன காரணம் இது: “மலைமேல எதுவுமே சரியா வேகாதுத்தா, பருப்பு மட்டும் எப்பிடி வறுபடும்?” பூம்பாறை கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் தண்ணீர் 94 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் அதன் சூடு ஏறாது. பருப்பு வேக நேரம் எடுப்பதும், சோற்றுக்குக் குக்கர் இல்லாமல் ஆகாது என்பதும் இதனால்தான். ஆனால் வறுப்பது வேறு. வெறும் வாணலியின் சூட்டைத் தீர்மானிப்பது தீயும் இரும்பும். உயரத்துக்கு அதில் பங்கில்லை. குளிரில் சிலிண்டருக்குள் வாயு அழுத்தம் குறைந்து தீ சிறுத்து எரியும் என்பது உண்மைதான். அதனால் நேரம் கூடும், பக்குவம் கெடாது.

ஆயினும் அம்மாச்சியின் சொல்லைச் சும்மா தள்ளிவிடாமல் எடை போட்டுப் பார்த்தேன். 200 கிராம் துவரம்பருப்பு வறுத்தபின் 183 கிராம் ஆனது. 50 கிராம் கடலைப்பருப்பு 46 ஆனது. கடையில் வாங்கும் பருப்பில் பொதுவாக நூற்றுக்குப் பத்து, பதினொரு பங்கு ஈரம் இருக்கும். 17 கிராம் போய்விட்டது என்றால் எஞ்சியிருப்பது நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்குதான். வறுத்ததில் குறை இல்லை. நிறத்தைப் பார்ப்பது, வாசனை பிடிப்பது, ஒரு பருப்பை வாயில் போட்டுக் கடிப்பது ஆகியவற்றோடு எடையையும் பார்த்துக்கொள்வது நல்லது என்று இப்போது நினைக்கிறேன். வெளியே சிவந்து உள்ளே பச்சையாக இருக்கும் பருப்பு கண்ணை ஏமாற்றும், தராசை ஏமாற்றாது.

இதே தராசு எதிர்பாராத ஒன்றையும் காட்டியது. முன்பே பொரித்து வருவதால் பொட்டுக்கடலையை வறுக்க வேண்டியதில்லை என்பது வழக்கம். மாதக்கணக்கில் பாதி பிரித்த பொட்டலத்தில் கிடந்த 100 கிராம் பொட்டுக்கடலையை வாணலியில் சூடு காட்டியபோது எடை 94 கிராமுக்கு இறங்கிவிட்டது. ஆறு கிராம் தண்ணீரை நான் அறியாமலே பொடிக்குள் சேர்த்திருக்கிறேன். தரைநாட்டில் இந்த வழக்கம் சரியாக இருக்கலாம். மலையில் மழைக்காலத்துக்கு இது பொருந்தாது.

அடுத்தது பூண்டு. உரித்த பூண்டில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் தண்ணீர். 40 கிராமில் ஏறத்தாழ 25 கிராம். மலைப்பூண்டின் பருத்த பல் வெளியே சிவந்தாலும் நடுவில் மெத்தென்றே இருக்கும். பாதித் தண்ணீர் தங்கினாலும் 12 கிராமுக்கு மேல் ஆகிறது. குற்றவாளி பூண்டுதான் என்று உறுதியாக நம்பி, கார்த்திகை முதல் வாரம் பூண்டே இல்லாமல், பொட்டுக்கடலையையும் சூடு காட்டி, அரைப் பங்கு அரைத்தேன். பன்னிரண்டாம் நாள் அதுவும் கட்டி தட்டியது. பூசணம் வரவில்லை, ஆனால் உதிரித்தன்மை போய்விட்டது, நமத்த வாடை வந்தது. பூண்டு கேட்டைக் கூட்டுகிறது. கேட்டைத் தொடங்கி வைப்பது அதுவன்று.

உப்பைச் சோதிக்கக் கல் உப்பை ஒரு கிண்ணத்திலும் பாக்கெட் தூள் உப்பை இன்னொரு கிண்ணத்திலும் அலமாரியில் திறந்து வைத்தேன். மூடுபனி இறங்கிய ஓர் இரவுக்குப் பின் தூள் உப்பு இறுகியிருந்தது. கல் உப்பின் அடியில் தண்ணீரே நின்றது. தூய சோடியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டினால்தான் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சுத்திகரிக்காத கல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடோ 33 விழுக்காட்டிலேயே நீரை இழுக்கும். உப்பை வறுத்துச் சேர்ப்பது வழக்கமாயினும், வறுத்த கல் உப்பு ஆறும்போதே மறுபடி ஈரத்தை இழுத்துக்கொள்கிறது. “உப்பு இருந்தா கெடாது” என்று பெரியவர்கள் சொல்வது ஊறுகாய்க்குப் பொருந்தும். அங்கே உப்பின் அளவு பல மடங்கு அதிகம். 400 கிராம் பொடியில் 18 கிராம் உப்பு ருசிக்கு மட்டுமே உதவும், காவலுக்கு உதவாது. மலையில் அது ஈரத்துக்கு வாசல் திறந்து வைக்கிறது என்றே சொல்வேன்.

நான்கு பாட்டில்

எஞ்சியது ஆற வைக்கும் விதம். இதைச் சோதிக்க இரண்டு வீட்டுக் கருவிகள் போதுமாக இருந்தன: ஒன்று தராசு, மற்றொன்று நாற்று வளர்க்கும் பசுமைக்குடிலில் வைத்திருந்த ஈரப்பதமானி. மூடுபனி நாளில் அது எங்கள் அடுக்களையில் 14 டிகிரியும் 92 விழுக்காடும் காட்டியது. விறகடுப்புக்கு மேலே, மிளகாயும் புளியும் வைக்கும் பரண் பலகையில் 29 டிகிரியும் 41 விழுக்காடும் காட்டியது. இரண்டு இடத்துக்கும் இடையே நாலு முழம்கூட இல்லை.

இந்த வேறுபாட்டின் காரணம் எளிது. ஆனால் இதுதான் இந்த ஆய்வின் உயிர்நாடி. காற்று சூடானால் அது தாங்கக்கூடிய நீராவியின் அளவு பெருகும். 14 டிகிரியில் நீராவி நிறைந்து ததும்பும் காற்றை, நீர் சேர்க்காமல் 30 டிகிரிக்குச் சூடாக்கினால், அதே காற்றின் ஈரப்பதம் 38 விழுக்காட்டளவுக்கு இறங்கிவிடும். இருக்கும் நீர் அதேதான். தாங்கும் கொள்ளளவு கூடியதால் அது காய்ந்த காற்றாகிறது. பொடி எந்தக் காற்றில் கிடக்கிறதோ, நாளடைவில் அந்தக் காற்றின் ஈரத்துக்கு ஈடாகத் தானும் ஈரம் கொள்ளும். 60 விழுக்காட்டுக்குக் கீழே ஈடான பொருளில் எந்த நுண்ணுயிரும் பெருகாது. 70 விழுக்காட்டைத் தாண்டினால் பூசணங்களுக்கு இடமுண்டு. 92இல் கேட்கவே வேண்டாம். திண்டுக்கல்லில் வெயில் நாளில் விரித்துப் போட்ட பருப்பு ஆறும். எங்கள் ஊர் மூடுபனியில் விரித்துப் போட்ட பருப்பு ஆறி முடிந்ததும் நனையத் தொடங்கும். வறுத்து உலர்ந்த பருப்பைப்போல ஈரத்துக்கு ஏங்கும் பொருள் அடுக்களையில் வேறு எது?

உறுதிப்படுத்திக்கொள்ள, அரைத்த பொடியில் 100 கிராமை ஒரு தட்டில் பரப்பி இரவு முழுதும் அடுக்களையில் வைத்தேன். காலையில் 105 கிராம். பரணில் அதேபோல் வைத்த இன்னொரு தட்டில் அரைக் கிராம் மட்டுமே கூடியிருந்தது.

மார்கழித் தொடக்கத்தில், பூண்டில்லாமல் உப்புடன் அரைத்த ஒரே பொடியை நான்காகப் பிரித்தேன். முதல் பங்கை அரைத்த சூட்டோடு எவர்சில்வர் டப்பாவில் கொட்டி மூடினேன். இரண்டாவதைத் தட்டில் விரித்து இரவெல்லாம் ஆறவிட்டுக் காலையில் கண்ணாடிப் பாட்டிலில் அடைத்தேன். மூன்றாவதைப் பரணில் துணி மூடி வைத்து, கை பொறுக்கும் இளஞ்சூட்டுக்கு வந்ததும், பரணிலேயே சூடேறியிருந்த சிறு பாட்டிலில் கழுத்து வரை அடைத்தேன். நான்காவதும் மூன்றாவதைப் போலவேதான். ஆனால் அதை மட்டும் நாள்தோறும் திறந்து, உலர்ந்த ஸ்பூனால் எடுத்துப் பரிமாறினேன்.

முதல் டப்பாவின் மூடியில் ஒரு மணி நேரத்திலேயே ஆவி படிந்து துளியாக நின்றது. மிக்சியின் கத்தி பொடியை நன்றாகவே சூடாக்குகிறது. சூடான பொடியிலிருந்து எழும் ஆவி, குளிர்ந்து கிடக்கும் உலோக மூடியில் பட்டுத் துளியாகி, திரும்பப் பொடியின் மேலேயே சொட்டுகிறது. மொத்தப் பொடியின் ஈரம் கூடாவிட்டாலும், சொட்டிய இடத்தில் மட்டும் பூசணத்துக்கு வேண்டிய நீர் கிடைத்துவிடுகிறது. ஒன்பதாம் நாள் ஓரத்தில் பூசணம் தெரிந்தது. இரண்டாவது பாட்டிலில் துளி இல்லை. ஆனால் மூன்றாம் நாளே பொடி முழுவதும் மெத்தென்று கட்டியானது, பதினைந்தாம் நாள் நமத்த வாடை அடித்தது. மூன்றாவதைத் தை மாதம், ஆறு வாரம் கழித்துத் திறந்தேன். சாய்த்தால் மணலாக உதிர்ந்தது, பெருங்காய வாசனைகூடக் குறையவில்லை. நான்காவது மூன்று வாரம் வரை நன்றாக இருந்து, பிறகு மேல் ஓரங்குலம் மட்டும் கட்டி தட்டியது. திறக்கும் ஒவ்வொரு முறையும் பாட்டிலுக்குள் புதிய ஈரக்காற்று புகுகிறது. பொடி குறையக் குறைய அந்தக் காற்றுக்கு இடமும் பெருகுகிறது.

ஐப்பசியில் நான் செய்தது முதல் இரண்டு பாட்டில்களின் தவறையும் ஒருங்கே செய்ததாகும். மூடுபனியில் இரண்டு மணி நேரம் விரித்து ஈரம் ஏற்றினேன். அந்த ஈரத்தோடு மிக்சியில் சூடாக்கி, குளிர்ந்த டப்பாவில் அடைத்து, ஏற்றிய ஈரத்தை மூடியிலிருந்து சொட்ட வைத்தேன். பூண்டும் பொட்டுக்கடலையும் கல் உப்பும் தத்தம் பங்கைச் சேர்த்தன. பதினோரு நாள் பொறுத்ததற்கும் எங்கள் குளிரே காரணமாக இருக்க வேண்டும். தாழ்ந்த வெப்பத்தில் பூசணம் மெதுவாகவே வளரும்.

இப்போது நடக்கும் முறை

கறிவேப்பிலை எங்கள் ஊர்க் குளிரில் செழிப்பதில்லை. கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிவரும் கட்டு பெரும்பாலும் நனைந்தே இருக்கும். அதை முந்தின நாளே கழுவி உதறிப் பரணில் போட்டுவிடுகிறேன். மறுநாள் கையால் நொறுக்கும் பதத்தில் இருக்கும். பொட்டுக்கடலைக்கும் மற்ற பருப்புகளைப்போல வாணலிச் சூடு உண்டு. வறுத்தவற்றைத் தாளில் விரிப்பதை அடியோடு நிறுத்திவிட்டேன். அகலமான பாத்திரத்தில் கொட்டி, மெல்லிய துணியால் மூடி, பரணில் அரை மணி நேரம். மிளகாய், மிளகு, சீரகம், பெருங்காயம், கறிவேப்பிலை முதலில் நைசாக. பருப்பு பிறகு, விட்டு விட்டு, நறநறவென்று. ஒரே ஓட்டமாக ஓட்டினால் பொடி சூடேறும் என்பதோடு, நைசாகிப்போன பருப்பு நெய்ச்சோற்றில் பசைபோல ஒட்டிக்கொள்ளும் என்பது என் கருத்து. அரைத்த பொடி மறுபடி பரணுக்குப் போய், மணிக்கட்டில் வைத்தால் சூடு தெரியாத நிலைக்கு வந்தபின் பாட்டிலில் ஏறும். ஒரு பெரிய டப்பாவுக்குப் பதிலாக 100 கிராம் பிடிக்கும் நான்கு பாட்டில். ஒன்று தீர்ந்த பிறகே அடுத்ததைத் திறப்பது. அடைத்த ஒரு மணி நேரத்தில் மூடியைக் கவிழ்த்துப் பார்க்கிறேன். ஆவி படிந்திருந்தால் பொடி இன்னும் சூடாக இருந்தது என்று பொருள். தயங்காமல் எல்லாவற்றையும் பாத்திரத்தில் கொட்டி, மூடியைத் துடைத்து, மறுபடி பரணுக்கு அனுப்ப வேண்டும்.

விறகடுப்பு இல்லாத வீட்டில், கனமான தோசைக்கல்லை நன்றாகக் காயவைத்து அடுப்பை அணைத்துவிட்டு, மேலே முக்காலி வைத்து அதன்மீது பாத்திரத்தை வைத்தால் போதும். அரை மணி நேரத்துக்கு அந்த இடத்தின் காற்று காய்ந்தே இருக்கும். வேறு அடுப்பில் சோறோ குழம்போ கொதித்துக்கொண்டிருக்கும் நேரத்தில் மட்டும் இதைச் செய்யலாகாது.

உப்பைப் பொடியில் சேர்ப்பதில்லை. சாப்பிடத் திறக்கும் பாட்டிலில் மட்டும், அன்றைக்கு, நான்கு கிராம் தூள் உப்பைக் கலந்து குலுக்கிவைக்கிறேன். தொடக்கத்தில் அத்தைக்கு இது பிடிக்கவில்லை. அரைபடும்போது சேரும் உப்புக்கும் பிறகு கலக்கும் உப்புக்கும் ருசியில் வேறுபாடு உண்டு என்றார். அவர் சொல்வது சரியே. சூடான சோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் அது ஓரளவு மறைகிறது, இட்லிக்குத் தொட்டுக்கொள்ளும்போது மறைவதில்லை.

பூண்டுப் பொடியைத் தனியாகப் பிரித்துவிட்டோம். பூண்டைத் தட்டி, எண்ணெயில் சிவக்கப் பொரித்து, பரணில் இரவெல்லாம் வைத்து, காலையில் உப்பில்லாத பொடி ஒரு கிண்ணம் சேர்த்து அத்தை அம்மியில் ஓட்டி எடுப்பார். ஐந்து நாளுக்கு வேண்டிய அளவுதான். ஆறாம் நாளுக்கு அது மிஞ்சியதும் இல்லை.